விருந்தாளிக்கு இரண்டு சிபாரிசு

சிங்கப்பெருமாள் கோயிலுக்கு வரும் விருந்தாளிகள் நரசிம்மரைச் சேவித்துவிட்டு மாமல்லபுரம் போவார்கள். நான் ஈஞ்சம்பாக்கம் அனுப்புவேன், 1966-இல் கே.சி.எஸ். பணிக்கர் தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்கு. பத்திக் துணி விற்ற காசில் ஓவியர்கள் எழுப்பிய இடம். அங்கே எஸ். நந்தகோபாலின் உலோகச் சிற்பங்களை விடாதீர்கள். செம்பையும் பித்தளையையும் பற்றவைத்த தழும்பை மறைக்காமல் அதையே நகையாக்கியிருப்பார். சுற்றிவர வேண்டாம், மூலவரைப் போல நேரே நின்று பார்க்க வேண்டியவை.

ராத்திரிக்கு ‘ஃபயர்ஃப்ளை’. 2002-இல் ஃபாக்ஸ் சேனல் 14 பகுதிகளில் 11-ஐ மட்டும், அதுவும் முதல் பகுதியைக் கடைசியாகக் காட்டி நிறுத்திய விண்வெளித் தொடர். (என்ன புத்தியோ!) கலத்துக்கு வெளியே சத்தமே கேட்காது, உள்ளே சாப்பாட்டு மேசையில் ஓயாத வாய்ச்சண்டை. தொடரின் தொடர்ச்சியான ‘செரினிட்டி’ படத்தைக் கடைசியில் பாருங்கள்.