பதினான்காம் மாதத்தில் கேட்டால் பதிவு இருக்குமா?

2020 ஜூன் 19 இரவு சாத்தான்குளம் காவல் நிலையத்தில் ஜெயராஜும் பென்னிக்ஸும் அடிக்கப்பட்டார்கள். சில நாட்களில் இருவருமே இறந்துபோனார்கள். மதுரைக் கிளை அனுப்பிய மாஜிஸ்திரேட் நிலையத்துக்குப் போய்ப் பார்த்தபோது ஹார்ட் டிஸ்க்கில் ஒரு டெராபைட் இடம் இருந்தது. ஆனால் தினமும் தானாக அழிகிற மாதிரி செட்டிங். 19-ஆம் தேதிப் பதிவு இல்லை.

அதே வருடம் டிசம்பர் 2-இல் உச்ச நீதிமன்றம் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உத்தரவு போட்டது. எல்லாக் காவல் நிலையத்திலும் கேமரா, பதிவு 18 மாதம் இருக்கணும், அதற்கேற்ற கருவி கிடைக்காவிட்டால் குறைந்தது ஒரு வருடம். நல்ல உத்தரவுதான். ஆனால் இழப்பீடு கேட்டு சிவில் வழக்குப் போடுகிறவரின் காலண்டரை யாரும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

கணக்குப் போடுவோம். சட்டவிரோதக் காவலுக்கு இழப்பீடு கேட்க, காவல் முடிந்த நாளிலிருந்து ஒரு வருடம் அவகாசம். அரசு மீது வழக்கு என்றால் சிவில் நடைமுறைச் சட்டம் 80-ஆவது பிரிவுப்படி முதலில் நோட்டீஸ், இரண்டு மாதம் காத்திருப்பு. அந்த இரண்டு மாதத்தைக் காலவரம்பில் கழித்துவிடலாம் என்பதால், திண்டிவனம் கோர்ட்டில் 14-ஆம் மாதம் தாக்கலாகிற வழக்கும் நேரத்துக்குள் வந்த வழக்கே. பதிவு 12-ஆம் மாதமே போயிருக்கலாம்! 18 மாதம் வைத்திருந்தாலும் சம்மன், பதிலுரை என்று நாள் ஓடும். எதிர்த்தரப்பு கையில் இருப்பதைக் கேட்டு வாங்கும் ஆர்டர் 11 மனுவுக்கு அதற்குப் பிறகுதான் முறை வரும். சட்டம் கொடுத்த உரிமையைச் சட்டம் கொடுத்த நேரத்திலேயே பயன்படுத்தியவர் வெறுங்கையோடு நிற்பார்.

அவசரம் என்றால் கோர்ட் அனுமதியோடு நோட்டீஸ் இல்லாமலே வழக்குப் போட 80(2) வழி விடுகிறது. ஆனால் சிறைக்குள் இருக்கும் ஆளுக்கு முதல் கவலை ஜாமீன். நஷ்டஈட்டு வழக்கைப் பற்றி அப்போது யார் யோசிப்பார்கள்?

உத்தரவில் இன்னொரு வழியும் உண்டு: மனித உரிமை ஆணையத்திலோ கோர்ட்டிலோ புகார் கொடுத்தால், அவர்கள் பதிவை வரவழைத்துப் பத்திரப்படுத்தலாம். என் குறை இங்கேதான். பாதிக்கப்பட்டவரோ வக்கீலோ அனுப்பும் ஒரு கடிதத்துக்கு அதில் எந்த வலுவும் இல்லை. கடிதம் கிடைத்ததும் அழிப்பதை நிறுத்து என்று ஒரே வரி சேர்த்திருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்திருக்கும்.

அமெரிக்காவில் வக்கீல் இல்லாமல் வழக்காடும் கைதிக்கு, ஆவணம் கேட்கும் முன் இருதரப்பும் கூடிப் பேச வேண்டும் என்ற விதியில் விலக்கு உண்டு. ஆனால் 1996 சட்டப்படி சிறைக்குள்ளேயே மனுக்களை முழுசாக முடித்துவிட்டுத்தான் கோர்ட்டுக்கு வர முடியும். ஒரு பக்கம் திறந்து மறுபக்கம் பூட்டுகிற கதை அங்கேயும்.

பழைய ஆட்கள் யாரையாவது போலீஸ் தூக்கிக்கொண்டு போனால் முதல் வேலையாகத் தந்தி அடிப்பார்கள், கலெக்டருக்கு ஒன்று, ஹைகோர்ட்டுக்கு ஒன்று. தந்தியில் விஷயம் கொஞ்சம்தான். நேரம் பதிவாகியிருக்கும், அதுதான் சாட்சி. 2013 ஜூலையில் தந்தி நின்றுபோனது. இன்று அந்த இடத்தில் வைக்க வேண்டியது, முதல் வாரத்திலேயே எஸ்.பி.க்கு டெலிவரிச் சான்றோடு போகும் ஸ்பீட் போஸ்ட்: இன்ன நிலையம், இன்ன தேதி, இத்தனை மணியிலிருந்து இத்தனை மணிவரை, அழிக்காதீர்கள். கூடவே அதன் நகலோடு ஆணையத்துக்கு ஒரு புகார். பின்னால் பதிவு காணோம் என்று சொன்னால், கேட்ட தேதி நம் கையில் இருக்கும்.