மெய்நிகர்ச் சிகிச்சையும் மன்னார்க் கரையும்

போதைப்பழக்கத்தினின்று மீள முயல்வோரைக் கணினி படைத்த காட்சியுள் நிறுத்தி, வேட்கையைத் தூண்டும் இடத்தையும் பொருளையும் காட்டி, அவ்வேட்கை தானே தணியும்வரை அங்கு இருக்கப் பழக்குவது மெய்நிகர்ச் சிகிச்சை. உணவின்றி மணியோசை மட்டும் பன்முறை கேட்கவே, பாவ்லோவின் நாய்க்கு உமிழ்நீர்ச் சுரப்பு அடங்கியமை இதற்கு அடிப்படையாகும்.

இம்முறையின் வலுவின்மையும் ஈண்டே உளது. ஓரிடத்தில் அடங்கிய துலங்கல் வேறிடத்தில் மீண்டும் எழும் என்பதை மார்க் பௌட்டன் விலங்காய்வுகளால் காட்டினார். தூண்டற்குறிகளைக் காட்டும் சிகிச்சைகளின் பயனுக்கு உறுதியான சான்றில்லை என்று 2002இல் கொங்ளின், ரிஃபனி ஆகியோர் முடிவுசெய்தனர். பழகிய சூழலையே சிகிச்சை அறைக்குள் கொணர்ந்து இக்குறையைத் தீர்க்கலாம் என்பது மெய்நிகர் முறையினரின் வாதம்.

அச்சூழல் யாது? பாக்கு நீரிணை வழியாகக் கேரளக் கஞ்சாவும் ஹெரோயினும் கடத்தப்படும் கரைகளுள் மன்னாரும் ஒன்று. அக்கரையின் வாடியையும் வள்ளத்தையும் திரையில் வரையலாம். கருவாட்டு மணத்தையும், பொருளை நீட்டும் நண்பனையும், மீன்படாத நாளின் கடனையும் வரைதல் இயலுமா?

வியட்நாமில் ஹெரோயினுக்கு அடிமையான அமெரிக்கப் படையினருள், நாடு திரும்பிய மூன்றாண்டுகளுள் மீண்டும் அடிமையானோர் ஏறத்தாழ 12 சதவீதத்தினரே என லீ றொபின்ஸ் கண்டார். சூழல் மாற்றம் ஒன்றே இதற்குக் காரணமெனல் பொருந்தாது. எனினும் அவர்கள் பழகிய களத்தை விட்டு நீங்கியோர். மன்னார் மீனவனோ சிகிச்சையின் பின் அதே கரைக்குத் திரும்புபவன். ஆதலின் மெய்நிகர்க் காட்சி நல்ல ஒத்திகையாகலாம். முழுச் சிகிச்சை ஆகாது. தொழிலும் துணையும் கரையில் அமையாதவிடத்து, அறையில் அடங்கிய வேட்கை கரையில் விழித்தெழும்.