பேசும் பாண்டமைமும் வாயசைக்கும் மேடையும்: மாயக்கதை அரங்கு குறித்து ஒரு நோக்கு

முன்னுரை

‘பாண்டமைம்’ என்னும் சொல்லை நாம் பெரும்பாலும் ‘ஊமைக்கூத்து’ என்றே விளக்கி வருகிறோம். பண்டைய உரோமானிய அரங்கிற்கு அவ்விளக்கம் பொருந்தும். ஆயின், ஆண்டிறுதிக் காலத்தில் பிரித்தானிய நகரங்களிலும் சிற்றூர்களிலும் நடத்தப்பெறும் மாயக்கதைப் பாண்டமைமிற்கு அது சிறிதும் பொருந்தாது. இக்கட்டுரையாளர் ஆய்வு மாணவராக இங்கிலாந்தில் இருந்த நாளில், ஊர்மண்டபம் ஒன்றில் பயில்முறைக் குழுவொன்று நடத்திய ‘அலாவுதீன்’ நாடகத்தைக் காண நேர்ந்தது. மேடையில் இருந்தோரை விட அவையில் இருந்த சிறுவர்களே மிகுதியாகப் பேசினர். ஜொகூர்த் தமிழ்ப்பள்ளி மேடைகளை எண்ணிப் பார்க்க அந்நிகழ்வே தூண்டுதலாயிற்று.

பேசும் வடிவம்

பதினெட்டாம் நூற்றாண்டில் ஜான் ரிச் வளர்த்த பாண்டமைம் பெரிதும் பேச்சற்றதாகவே இருந்தது. உரிமம் பெற்ற சில அரங்குகளுக்கு மட்டுமே உரையாடல் நாடகம் உரியது என்ற கட்டுப்பாட்டை 1843ஆம் ஆண்டின் அரங்குச் சட்டம் தளர்த்திய பின்னரே, பேச்சு இவ்வடிவத்தின் உயிராயிற்று. 1861இல் எச். ஜே. பைரன் எழுதிய ‘அலாவுதீன்’ நாடகத்தில், கதைத்தலைவனின் தாய்க்கு ஒருவகைச் சீனத் தேயிலையின் பெயரே சூட்டப்பட்டது. இன்றுவரை அத்தாயாக ஆடவர் ஒருவர் வேடம் பூணுவதே வழக்கம். இளந்தலைவனாகப் பெண் நடிப்பதும் மரபே. தீயவன் பதுங்கி வருகையில், ‘பின்னால் பார்!’ என அவையே கூவி எச்சரிக்கும். உள்ளூர்ச் செய்திகள் நகைச்சுவையாக நுழையும். கதை அனைவரும் அறிந்ததே. அக்கதையை முன்னிறுத்தி ஓர் ஊர் தன்னோடு தானே பேசிக்கொள்வதுதான் புதிது.

இக்கூறுகள் தமிழுக்கு அயலானவை அல்ல. தெருக்கூத்தின் கட்டியங்காரன் அரசனை அறிமுகம் செய்துகொண்டே அவனை எள்ளுகிறான், அவையோரிடமும் பேசுகிறான். சங்கரதாசு சுவாமிகள் வழிவந்த இசைநாடகத்தில் பபூன் இப்பணியைச் செய்கிறார். ஆடவர் பெண்வேடம் தரிப்பதும் நமக்குப் பழகியதே. அண்மைக் காலத்தில் புதுச்சேரி வேலு சரவணன் ‘கடல் பூதம்’ முதலிய நாடகங்களில் கோமாளியாக வந்து, குழந்தைகளின் மறுமொழியைக் கொண்டே ஆட்டத்தை நகர்த்திக் காட்டினார்.

மலாய் மண்ணில் மாயக்கதை

இந்நாட்டில் மாயக்கதை அரங்கிற்கு நூற்றாண்டு கடந்த வரலாறு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பினாங்கு வந்த பார்சி நாடகக் குழுக்களைக் கண்டு மலாய் ‘பங்சாவான்’ உருப்பெற்றது. 1885இல் பினாங்கில் ‘புஷி இந்திரா பங்சாவான்’ குழு தோன்றியதை ஆய்வாளர் சுட்டுவர். அராபிய, இந்திய, மலாய்க் கதைகள் ஒரே மேடையைப் பகிர்ந்தன. வசனத்தில் பெரும்பகுதி எழுதப்படவில்லை. கதைச்சுருக்கத்தை அறிந்த நடிகர் மேடையிலேயே பேசி வளர்த்தனர். அதன் ஆற்றல் அங்கேதான் இருந்தது.

நம் பள்ளி மேடை இதற்கு நேர்மாறாகச் சென்றுகொண்டிருக்கிறது. இக்கட்டுரையாளர் நடுவராக அமர்ந்த விழாக்கள் சிலவற்றில், பெரியவர் குரலில் முன்னரே பதிவு செய்த வசனத்திற்கு மாணவர் வாயசைத்தனர். ஒலிவாங்கிப் பற்றாக்குறையும் வசனம் மறந்துவிடும் என்ற அச்சமும் இதற்குக் காரணமாகக் கூறப்பட்டன. இவை மெய்யான இடர்ப்பாடுகளே. ஆயினும், ஒப்பனையும் ஒளியும் சிறந்த அம்மேடையில் ஒரு குழந்தையின் தமிழ் ஒருமுறைகூட ஒலிக்கவில்லை. ஊமைக்கூத்து என்னும் பெயர் பொருந்துவது அதற்குத்தான்.

ஜொகூருக்கு உரிய கதை

பேசும் மேடைக்கு ஏற்ற கதை நம் அருகிலேயே இருக்கிறது. ‘செஜாரா மெலாயு’ நூலில் நாகப்பட்டினத்து மன்னர் மரபு கிழக்கே படை நடத்துகிறது. ஜொகூர் ஆற்றின் மேற்பகுதியில் இருந்த கருங்கல் கோட்டையும் அக்கதையில் வருகிறது. படிகளுக்கிடையே மன்னர் பெயர்கள் மாறினும் நிகழ்ச்சி சுவையானது. சீனத்தை வெல்லப் புறப்பட்ட மன்னன் துமாசிக்கை அடைகிறான். சீன அரசர் துருப்பிடித்த ஊசிகளையும் பழமரங்களையும் பல்லிழந்த கிழவர்களையும் ஒரு கப்பலில் ஏற்றி அனுப்புகிறார். புறப்பட்டபோது தாம் பன்னிரண்டு வயதுச் சிறுவர் என்றும், மரங்கள் விதைகளாக இருந்தன என்றும், ஊசிகள் தடித்த இரும்புக் கம்பிகளாக இருந்தன என்றும் கிழவர்கள் கூறுகின்றனர். அத்துணைத் தொலைவா என மலைத்த மன்னன் படையெடுப்பைக் கைவிடுகிறான். பின்னர்க் கண்ணாடிப் பேழையில் கடலடி சென்று, அங்கு மணம் புரிந்து, சிறகுக் குதிரையேறி மீள்கிறான்.

சோழர் பெருமையை வீரவசனமாக முழங்கும் மேடைகள் நமக்குப் போதிய அளவு உண்டு. இக்கதையோ ஏமாறும் மன்னனைக் காட்டுகிறது. ‘நம்பாதீர், அரசே!’ என அவைச்சிறுவர் கூவுவதற்கு இங்கு இடமுண்டு. தம் அரசனையே நகையாடிப் பழகும் குழந்தை அஞ்சாது பேசும். ஒன்றில் மட்டும் விழிப்பு வேண்டும். ‘அலாவுதீன்’ பாண்டமைம் சீனரைக் கேலியுருவாக்கிய குறையுடையது. பல்லினம் வாழும் ஜொகூரில் கிழவர்களின் அறிவுக்கூர்மையே நகைப்பிற்கு ஊற்றாக வேண்டும். அவர்தம் உச்சரிப்பு அன்று.

முடிவுரை

பிரித்தானியப் பாண்டமைமைப் பெயர்த்து நடுவது இக்கட்டுரையின் பரிந்துரை அன்று. அதன் வழி நாம் மீட்டுக்கொள்ள வேண்டியது, நம் கட்டியங்காரனிடம் இருந்த உரிமையை, அதாவது அவையோடு நேர்நின்று பேசும் உரிமையை. வசனம் தடுமாறலாம், அவை எடுத்துக்கொடுக்கும். பிழையின்றி ஒலிக்கும் பதிவைவிட, தடுமாறிப் பேசும் ஒரு மாணவரின் தமிழே தமிழாசிரியர் கேட்க வேண்டிய தமிழ்.