ஒரு முட்டை பதமாகுமா?

"ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்பது நாம் நன்கறிந்த பழமொழி. ஆறும் கடலும் கலக்கும் கழிமுகத்தில் நச்சுப்பொருள்கள் ஆண்டுக்காண்டு கூடுகின்றனவா, குறைகின்றனவா என்று அறிய அறிவியலாளர் கையாளும் முறையும் ஏறக்குறைய இதுதான். ஆனால் அவர்கள் பதம் பார்ப்பது பறவையின் முட்டையை! இம்முறை எவ்வளவு தூரம் நம்பத்தக்கது என்பதைச் சற்றே சீர்தூக்கிப் பார்ப்போம்.

முட்டையை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? கழிமுக நீரில் பாதரசம், டி.டி.டி. போன்றவை மிக நுண்ணிய அளவிலேயே இருக்கும். ஓதம் ஏறி இறங்கும்போது அவ்வளவும் மாறும். ஆனால் உணவுச் சங்கிலியில் அவை படிப்படியாகச் செறிவடைகின்றன. நுண்ணுயிரை உண்ணும் சிறு மீனிலும், அம்மீனைத் தின்னும் பறவையிலும் நஞ்சு மேலும் மேலும் சேர்கிறது. தாய்ப்பறவை அதில் ஒரு பகுதியை முட்டைக்குள் இறக்கிவிடுகிறது. ஆகவே பறவையைக் கொல்லாமலே அதன் உடல்நிலையை நாம் அறியலாம். 1967-ஆம் ஆண்டு டெரக் ராட்கிளிஃப் என்ற ஆங்கில அறிஞர், பழைய சேகரிப்புகளில் இருந்த பெரிகிரின் வல்லூறின் முட்டையோடுகளை ஆராய்ந்து, 1947 முதல் அவை மெலிந்துவிட்டதைக் காட்டினார். டி.டி.டி.யின் தீமையை உலகுக்கு உணர்த்திய சான்றுகளில் இது முக்கியமானது.

இனி அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவுக்கு வருவோம். சாக்ரமென்டோ, சான் வாகீன் ஆறுகள் கடலைச் சேரும் பெரிய கழிமுகம் இது. தங்கம் பிரிக்கப் பயன்பட்ட பாதரசம், 19-ஆம் நூற்றாண்டு முதல் இதன் சேற்றில் படிந்து கிடக்கிறது. 2002 முதல் இங்கு நீர்க்காகங்களின் முட்டைகளும் ஆலாக்களின் முட்டைகளும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆராயப்பட்டு வந்துள்ளன. பஞ்சு மெத்தைகளிலும் மின்கருவிகளிலும் தீப்பிடிக்காதிருக்கச் சேர்த்த புரோமின் சேர்மங்கள் சிலவற்றைக் கலிபோர்னியா 2006-இல் தடை செய்தது. 2012-க்குள் நீர்க்காக முட்டைகளில் அவற்றின் அளவு வெகுவாகக் குறைந்துவிட்டது. பாதரசத்தில் அத்தகைய தெளிவான இறக்கம் தென்படவில்லை. சட்டம் பலன் தந்ததையும், பழைய நஞ்சு எளிதில் அகலாததையும் முட்டைகள் எடுத்துக்காட்டின. இம்முறையின் பெருமை இதுவே.

ஆனால் அந்த வரைபடக் கோடு கீழிறங்கியதால் விரிகுடா தூய்மையாகிவிட்டது என்று கூறலாமா? இங்கேதான் நாம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

முதலாவது, ஒரு பானைச் சோறு ஒன்றாக வேகிறது, கழிமுகம் அப்படியன்று. விரிகுடாவின் தென்பகுதியில் நீரோட்டம் குறைவு. வடபகுதியில் ஆற்றுநீர் பாய்கிறது. ஆலா தன் கூட்டை அடுத்த ஆழமற்ற நீரில் சிறு மீன் பிடிக்கிறது. நீர்க்காகமோ நெடுந்தூரம் பறந்து இரை தேடுகிறது. எந்தப் பறவை, எந்த இடம் என்று சொல்லாத எண்ணுக்குப் பொருளில்லை.

இரண்டாவது, பறவையின் உணவு மாறினால் முட்டையும் மாறும். கனடா நாட்டினர் 1974 முதல் பேரேரிகளில் கடற்காக முட்டைகளை ஆராய்ந்து வருகின்றனர். அங்கே மீன் குறைந்தபோது பறவைகள் நிலத்தில் கிடைத்த உணவையும் நாடின. முட்டையிலுள்ள நைட்ரஜன் ஐசோடோப்புகளைக் கொண்டு இம்மாற்றத்தைக் கணக்கிட்டபோது, நச்சு குறைந்த வேகம் முன்பு எண்ணியதைவிடக் குறைவு என்று 2006-இல் தெரியவந்தது. ஏரி தூய்மையானதாகத் தோன்றியதில் ஒரு பங்கு, பறவையின் இரை மாறியதால் வந்தது!

மூன்றாவது, கணக்கிடும் முறை. 20 கிராம் முட்டையில் 20 மைக்ரோகிராம் பாதரசம் இருந்தால் கிராமுக்கு 1 மைக்ரோகிராம். அடைகாக்கும்போது 4 கிராம் நீர் ஆவியாகிவிட்டால் அதுவே 1.25 ஆகிவிடும்; நஞ்சு கூடவேயில்லை. மேலும், பல முட்டைகளை ஒன்றாகக் கலந்து ஆராய்வதால் செலவு மிச்சமாகிறது. ஆனால் சராசரி மட்டுமே கிடைக்கிறது. சராசரி 5 என்றால் இரு முட்டைகளிலும் 5 இருந்திருக்கலாம். ஒன்றில் 1, மற்றதில் 9 இருந்திருக்கலாம். குஞ்சுக்கு ஆபத்து 9 உள்ள முட்டையில் அல்லவா?

இவற்றை எல்லாம் திருத்தங்களால் சரிசெய்யலாம். நான்காவது குறைதான் மிகப் பெரியது. உடலில் தங்கிச் சேரும் நஞ்சை மட்டுமே முட்டை நமக்குக் காட்டும். தடை செய்த புரோமின் சேர்மங்களுக்குப் பதிலாக வந்தவற்றில் பாஸ்பரஸ் சேர்மங்களும் உண்டு. இவற்றில் பலவற்றைப் பறவையின் உடல் விரைவில் சிதைத்துவிடும். அவை விரிகுடா நீரில் இருந்தாலும் முட்டையில் பெரிதாகத் தென்படாது. ஒன்று போய் வேறொன்று வந்ததை, நஞ்சே போய்விட்டதாக நாம் கொண்டாடக்கூடும்!

அப்படியானால் இம்முறையைக் கைவிட வேண்டுமா? கூடாது. நீரையும் சேற்றையும் மீனையும் உடன் ஆராய வேண்டும். முட்டையில் ஒரு பகுதியை உறைநிலையில் சேமித்து வைக்கவும் வேண்டும். ஸ்வீடனில் 1968 முதல் சேமித்த கில்லிமாட் என்ற கடற்பறவையின் முட்டைகளை ஆராய்ந்துதான், அந்நாளில் யாரும் தேடாத பி.எஃப்.ஓ.எஸ். என்ற ஃபுளூரின் சேர்மம் பால்டிக் கடலில் பல மடங்கு பெருகிய வரலாற்றை 2005-இல் அறிய முடிந்தது.

மாணவர்களே! மாசு குறைந்துவிட்டதாகக் காட்டும் வரைபடத்தை இனிக் காணும்போது, எந்தப் பறவை, எதைத் தின்றது, எந்த நஞ்சைத் தேடினார்கள் என்ற மூன்று கேள்விகளைக் கேளுங்கள். விடை கிடைத்த பிறகு அந்தக் கோட்டை நம்புங்கள்.