அந்தீசு மலைநாட்டிற் காளான் வழிபாடு: சான்றுகள் பற்றிய ஒரு நோக்கு

தென்னமெரிக்காவின் அந்தீசு மலைநாட்டுத் தொன்மக்கள் காளானைத் தெய்வப்பொருளாகப் போற்றினர் என்னுங் கூற்றைப் பொதுநூல்கள் பலவற்றிற் காண்கின்றோம். கூற்றுக் கவர்ச்சியுடையது. அதற்குச் சான்று யாது என வினவுவார் சிலரே.

மெக்சிக்கோவின் நிலை வேறு. அங்கே 16ஆம் நூற்றாண்டிற் சகாகுன் என்னுந் துறவியார், அந்நாட்டு மக்கள் ஒருவகைக் காளானைத் தேனுடன் உண்டு காட்சிகள் கண்டமையை எழுதிவைத்தார். 1955இல் கோடன் உவாசன் என்பார் மலையூரொன்றில் மரியா சபீனா என்னும் மூதாட்டி நடாத்திய காளான் சடங்கிலே தாமே கலந்துகொண்டார். ஏடும் வழக்கும் இவ்வாறு ஒன்றையொன்று தாங்கி நிற்றலினாலேயே குவாத்தமாலாவின் காளானுருக் கற்களுக்கும் நாம் துணிந்து பொருள்கூற முற்படுகின்றோம்.

அந்தீசு நாட்டில் இத்தகைய துணை இல்லை. இசுப்பானிய வரலாற்றாசிரியர் கொக்கா இலையைப் பற்றியும், சிச்சா என்னுஞ் சோளமதுவைப் பற்றியும் விரிவாக எழுதினர். குறிசொல்வோர் மதுவில் வில்கா என்னும் மரத்தின் சாற்றைக் கலந்தருந்தினர் என்பது போலோ தெ ஒந்தேகார்தோ தருஞ் செய்தி. மலையின் கீழைச்சாரலுக்கு அப்பால், அமேசன் காட்டு யூரிமாகுவர் மரக்காளானைக் கலந்து குடித்தமையை ஏசு சபையார் குறித்துளர். ஆயின் அது காட்டுநாட்டுச் செய்தி, மலைநாட்டுச் செய்தியன்று.

எனவே எஞ்சுவன உருவங்களே. கொலம்பியாவின் தாரியன் பாணிப் பொற்பதக்கங்களிலுள்ள உருவத்தின் தலைமீது இரண்டு அரைக்கோளங்கள் உள. அவற்றின் தோற்றங்கண்டு அவ்வுருக்களைத் தொலைபேசி மணித் தெய்வங்கள் என வேடிக்கையாக அழைத்தாருமுண்டு. 1979இற் சுல்ற்றீசும் பிறைற்றும் இவை காளான்களாகலாம் என எழுதினர். அவர்தங் கட்டுரைத் தலைப்பின் இறுதியில் ஒரு வினாக்குறி உண்டு. பின்வந்த பொதுநூலாசிரியர் பலர் செய்த பிழை அவ்வினாக்குறியைக் கைவிட்டமையே. மேல்வகுப்பு மாணவருக்கு ஒருமுறை இப்பதக்கத்தின் படத்தைக் காட்டினேன். ஒருவர் மணி என்றார், மற்றொருவர் தவளைக்கண் என்றார். காளான் என்றார் எவருமிலர். நம்மவர் காளானை நாய்க்குடை எனவும் வழங்குவர். குவிந்த வடிவமெதுவும் குடையாகவும் தோன்றும், காளானாகவும் தோன்றும்.

வடபெருவின் மோச்சே குயவர் வனைந்த கலங்களில் தலையணி குடைபோல் விரிந்த மாந்தர் சிலர் உளர். இவரையுங் காளான் பூசகர் என்பர். எனக்கு இது பொருந்தத் தோன்றவில்லை. உருளைக்கிழங்கின் கண்களையும் நிலக்கடலைத் தோட்டின் வரிகளையும் பிழையாது வனைந்த கைகள் அவை. அதனினும் மிகப்பழைய சவீன் கோயிலில் 1972இல் வெளிப்பட்ட சிற்பமொன்றிலே, தெய்வவுருவின் கையிலுள்ளது கள்ளித்தண்டு என்பது அதன் வரிகளாலேயே விளங்குகின்றது. புனிதப்பயிரை மறையாது காட்டுதல் அந்நாட்டுக் கலைஞரின் இயல்பெனின், காளானை மட்டும் தொப்பிக்குள் ஒளித்தமைக்குக் காரணங் கூறவேண்டும். மறைபொருளாதலின் மறைத்தனர் என்பாரும் உளர். அவ்வாறாயின் எதையும் எதுவென்றும் நிறுவிவிடலாம்.

உருவ ஒப்புமைக்கு வெளியே ஒரு சிறு தடயம் உண்டு. பொலிவியாவின் தென்மேற்கிற் குகையொன்றிற் கிடைத்த, ஏறக்குறைய 1000 ஆண்டுப் பழைமையான சடங்குப்பொதியை ஆராய்ந்தோர் 2019இல் முடிபுகளை வெளியிட்டனர். நரிமூஞ்சித் தோல்கள் மூன்றை இணைத்துத் தைத்த பை அதனுள் இருந்தது. கொக்கா முதலிய பயிர்களின் கூறுகள் தெளிவாகப் புலப்பட்டன. மயக்கக் காளானுக்குரிய சிலோசின் என்னும் பொருள் இருத்தல்கூடும் என்றளவில் அவ்வறிஞர் நிறுத்திக்கொண்டனர். ஒரு நூறு பொற்பதக்கங்களினும் அந்த ‘கூடும்’ என்னுஞ் சொல்லையே யான் பெரிதாக மதிப்பேன்.