நாயாக இருக்கும்வரை நட்பு

செயற்கை அறிவோடு செல்போனில் பேசிப் பழகுகிற பிள்ளைகளைப் பார்த்து, 'மெசினோட பேசுற லூசு' என்று திருமயம் டீக்கடைகளில் சிரிக்கிறார்கள். படித்தவர்கள் இதையே 'சமூக உறவின் சிதைவு' என்று எழுதுகிறார்கள். இயந்திரத்தோடு நட்பு தமிழனுக்குப் புதுசா என்ன?

1980களில் ஆனந்த விகடனில் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' தொடராக வந்தது. அதில் நிலாவுக்குத் துணை ஜீனோ என்கிற இயந்திர நாய். வாசகர்கள் கொண்டாடினார்கள். நிலாவை யாரும் லூசு என்று சொல்லவில்லை. ஜீனோ நாய்தானே. எவ்வளவு அறிவிருந்தாலும் காலடியில் கிடக்கிற உருவம்.

2010இல் ஷங்கரின் 'எந்திரன்' வந்தது. வசனத்தில் சுஜாதாவுக்கும் பங்குண்டு. சிட்டி ரயிலில் ரவுடிகளை அடித்துச் சனாவைக் காப்பாற்றுகிறான், பரீட்சைக்கு விடை சொல்கிறான். அதுவரை அருமையான பிள்ளை. அவளைக் காதலித்து, அந்த நினைப்பில் ராணுவ அதிகாரிகள் முன்னால் சொதப்பியதும் படைத்தவனே கோடரி எடுத்துத் துண்டு துண்டாக வெட்டுகிறான். துண்டுகள் குப்பைமேட்டுக்குப் போகின்றன. இந்த வெட்டு நமக்குத் தெரிந்த வெட்டு. உழைக்க வா, உறவுக்கு வராதே. (பிறகு சிட்டி வில்லனாகிவிடுவதால் வெட்டியவன் கை சுத்தமாகிவிடுகிறது. வசதியான திரைக்கதை.)

இங்கே மனுசருக்குள் நட்பே அனுமதி வாங்கித்தான் நடக்க வேண்டியிருக்கிறது. 2015 ஜூனில், தன்னோடு படித்த பெண்ணோடு திருச்செங்கோடு கோயிலுக்குப் போன கோகுல்ராஜ் கடத்தப்பட்டார். தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தார். 2022இல்தான் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்திலேயே, இறையூர் டீக்கடையின் இரட்டைக் குவளை 2022 டிசம்பரில் அம்பலமானது. ஒரே கிளாசில் டீ கொடுக்காதவர்கள் 'மனுசங்களோட பழகு' என்று புத்தி சொன்னால் என்ன சொல்வது? எனக்குத் தெரிந்த சேரிப் பிள்ளை ஒருத்தி, கல்லூரி மாணவி, சொன்னாள்: "அது எந்தத் தெருன்னு கேக்கலக்கா."

அவள் சொன்னது சரி. அதற்காக அந்த இயந்திரத்தைத் தோழன் என்று கொண்டாட நான் தயாரில்லை. இதுவும் ஜீனோதான். சொன்னதற்கெல்லாம் வாலாட்டப் பழக்கியிருக்கிறார்கள். கயிறு மட்டும் நம்ம கையில் இல்லை. 2023 பிப்ரவரியில் ரெப்ளிகா என்கிற செயலியை நடத்தும் கம்பெனி, அதன் காதல் பேச்சைத் திடீரென்று நிறுத்தியது. துணை தொலைந்ததாகப் பலர் அழுதார்கள். அதே மாதம் இத்தாலியின் தரவுப் பாதுகாப்பு ஆணையம், சிறுவர்களுக்கு ஆபத்து, தனிவிவரங்களைக் கையாள்வதும் சட்டப்படி இல்லை என்று அந்தச் செயலிக்குத் தடை போட்டது. அங்கே கம்பெனியைக் கேட்டார்கள். ஒரு சேரிப்பெண் தன் ராத்திரித் துக்கத்தை எந்தக் கம்பெனியிடம் அடகு வைக்கிறாள் என்று விசாரிக்க இங்கே ஒருத்தரும் இல்லை. சிரிக்கத்தான் கடை நிறைய ஆள்.