யாத்திரிகனின் சுமை

மதமாற்றம் என்றதும் எமது முற்போக்கு நண்பர்கள் சிலர் அரிசியையும் கோதுமை மாவையும் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகின்றனர். சமய அன்பர்களோ, இதயம் மாறினால் யாவும் மாறும் என்று கூறி அமைதி கொள்கின்றனர். இவ்விரு கூற்றுகளும் மனிதனை முழுமையாக நோக்காதவை என்பது எமது கருத்து. இதனை உரைத்துப் பார்க்கத் தமிழில் ஓர் உரைகல் உண்டு. எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகமே அது.

திருநெல்வேலிச் சீமையில் வைணவ வேளாளர் குடியில் 1827 இல் பிறந்தவர் கிருஷ்ணபிள்ளை. கம்பனில் ஊறியவர்; சாயர்புரத்தில் தமிழாசிரியராயிருந்தவர். 1858 இல் திருமுழுக்குப் பெற்றார். குலமும் கல்வியும் மதிப்பும் உடைய அவர் அரிசிக்காக மாறினார் என எவரும் கூறவியலாது. 1894 இல், ஜான் பனியனின் ஆங்கில உரைநடைக் கதையை 3,700க்கு மேற்பட்ட செய்யுள்களில் காப்பியமாக்கி வெளியிட்டார். கம்பனின் விருத்தமும் ஆழ்வார்களின் உருக்கமும் அதில் கிறிஸ்துவை நோக்கித் திரும்பின. மனிதர் மாறினார், அவர் நாவிலிருந்த தமிழ் மாறவில்லை. சமயம் மாறுவோர் பண்பாட்டை இழந்துவிடுவர் என்போருக்கு இதுவே விடை.

ஆயினும் இழந்தது ஒன்றுண்டு. பனியன் பாத்திரங்களுக்கு ஒட்டுப்போட்டுப் பிழைத்தவர். அனுமதியின்றிப் பிரசங்கித்தமைக்காகப் பன்னிரண்டு ஆண்டுகள் சிறையிருந்தவர். அவருடைய மொழி பட்டறையிலும் அடுக்களையிலும் புழங்கிய மொழி. கிருஷ்ணபிள்ளை அதற்குப் பண்டிதப் பட்டாடை அணிவித்தார். அக்கதை எவருக்கு மிகுதியும் வேண்டியிருந்ததோ, அவர்களுக்கு அது எட்டாததாயிற்று.

அவர்கள் யாவர்? கிருஷ்ணபிள்ளை சமயம் மாறிய அதே காலத்தில், திருநெல்வேலியிலிருந்து உபதேசியார்கள் கண்டி மலைகளுக்கு வந்துகொண்டிருந்தனர். 1850களின் நடுவில் காப்பித் தோட்டத் துரைமார் சிலரின் ஆதரவுடன் தொடங்கிய ‘தமிழ்க் கூலி மிசன்’ அவர்களை அழைத்தது. அவர்கள் தேடிவந்த மக்களும் யாத்திரிகர்களே. மன்னாரிலிருந்து மாத்தளை வரை காடுகளினூடே கால்நடையாக வந்தவர்கள். வழியில் மாண்டோர் பலர்.

யாத்திரிகனின் முதுகுச் சுமை சிலுவையடியில் கழன்று விழும் பகுதியை நாம் ஒருமுறை வகுப்பில் விளக்கிக்கொண்டிருந்தோம். தோட்டத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி எழுந்து, அவனுடைய கடனும் விழுந்ததா என்று கேட்டாள். வகுப்புச் சிரித்தது. எம்மால் சிரிக்க இயலவில்லை. தொழிலாளியின் கடனைத் துரை எழுதிக் கொடுக்கும் ‘துண்டு’ இல்லாமல் ஒருவன் வேறு தோட்டத்துக்குப் போக முடியாதிருந்த முறை 1921 இல்தான் சட்டத்தால் ஒழிந்தது. திருமுழுக்கு அதனை ஒழிக்கவில்லை.

அவ்வாறாயின் அகமாற்றம் வீண்தானா? அன்று. தன்னை இழிந்தவன் என நம்பவைக்கப்பட்ட ஒருவன், கடவுளின் முன் தானும் ஒரு மனிதன் என நிமிர்வது சிறிய செயலன்று. நிமிர்ந்தவன் தனியே நடக்கிறான் என்பதே குறை. பனியனின் யாத்திரிகன் மனைவி மக்கள் அழைக்க அழைக்கக் காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிறான். பனியனுக்கே இது உறுத்தியிருக்க வேண்டும். 1684 இல் வெளியிட்ட இரண்டாம் பாகத்தில் மனைவியையும் மக்களையும் அயலாரையும் கூட்டமாக நடக்கவைத்தார். நமது காப்பியமோ முதற்பாகத்தோடு நின்றுவிட்டது.

அந்த இரண்டாம் பாகத்தைக் கண்டியில் வாழ்ந்து காட்டினார் ஒருவர். இயேசு சபைத் துறவியான போல் கஸ்பர்ஸ் அடிகளார் (1925–2017) 1972 இல் இங்கே ‘சத்தியோதய’ நிலையத்தை நிறுவினார். 1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாத்திரி ஒப்பந்தத்தின்படி தோட்ட மக்கள் கூட்டங்கூட்டமாக நாடுகடத்தப்பட்ட காலம் அது. சிங்களவரும் தமிழரும், பல சமயத்தவரும், ஒரே கூரையின் கீழ் வாழ்ந்து தோட்ட மக்களின் உரிமைக்கு உழைக்க அவர் வழிசெய்தார். அவர் யாரையும் மதம் மாறச் சொல்லவில்லை. தம் நம்பிக்கை தம்மிடம் என்ன கேட்கிறது என்பதையே வினவினார்.

மனம் மாறியவனா என ஒருவனை அறிய, அவன் முதுகிலிருந்த சுமை எங்கே என்று மட்டும் பார்த்தல் போதாது. அடுத்தவன் முதுகிலுள்ள சுமைக்கு அவன் கைகொடுத்தானா என்றும் பார்த்தல் வேண்டும். இக்கேள்வி சமயவாதிக்கு மட்டும் உரியதன்று; புரட்சி பேசும் நமக்கும் உரியதே.